தாடை மூட்டும் தீராத் தலையிடியும்

தலையிடியால் வருந்துவோர் கையை நெற்றியிலே வைப்பர், கன்னப்பொறியை விரலால் அழுத்துவர், பிடரியைப் பிடித்துவிடுவர். தாடையைத் தொட்டுப் பார்ப்போர் மிகச் சிலரே. தலையிலே தோன்றும் நோவுக்குக் காரணமும் தலையிலேயே இருத்தல் வேண்டும் என்பது நம் எல்லோர்க்கும் இயல்பாக எழும் எண்ணம். ஆயின் உடல்நூல் இவ்வெண்ணத்தை முற்றும் ஏற்பதில்லை. நோவு தோன்றும் இடம் ஒன்றாகவும், அது பிறக்கும் இடம் வேறொன்றாகவும் இருத்தல் கூடும். மாதக்கணக்காக, சிலர்க்கு ஆண்டுக்கணக்காக, நீடிக்கும் தலையிடிகளுள் ஒரு பகுதி காதுக்கு முன்னாலுள்ள சிறியதொரு மூட்டோடும், அம்மூட்டை இயக்கும் தசைகளோடும் தொடர்புடையது. அத்தொடர்பு யாது, அஃது எவ்வாறு அறியப்பட்டது, அதனை அறிந்தவர் எதைச் செய்தல் வேண்டும், எதைச் செய்தலாகாது என்பனவற்றை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இதனை எழுதுவோன் மருத்துவன் அல்லன், ஆசிரியன். இவ்விடயத்திலே எனக்கு நாட்டம் உண்டானமைக்குச் சொந்த அனுபவமே காரணம். மூன்றாண்டு காலம் மாலைதோறும் என் இரு கன்னப்பொறிகளிலும் ஒரு நோவு எழுந்தது. விடைத்தாள் திருத்தும் காலங்களிலே அது மிகுந்தது. மூக்குக்கண்ணாடியை இருமுறை மாற்றினேன். பீனிசம் என்றார்கள், ஆவி பிடித்தேன். கடைவாய்ப் பற்கள் மேலும் கீழும் சரியாகப் பொருந்தவில்லை, அவற்றை அராவிவிட்டால் எல்லாம் தீரும் என்றார் ஒருவர். அதற்கு நாளும் குறிக்கப்பட்டது. அந்நாள் வருமுன்னர் முதிர்ந்த பல் வைத்தியர் ஒருவரைக் காணும் வாய்ப்புக் கிட்டியது. அவர் என் கன்னப்பொறியிலே இரு விரல்களை வைத்து, பற்களைக் கடிக்கச் சொல்லிப் பின்னர் மெல்ல அழுத்தினார். “மாஸ்ரர், நீங்கள் சொன்ன தலையிடி இதுதானா?” என்று வினவினார். அதுவேதான். “அப்படியென்றால் பற்களுக்கு ஒன்றும் செய்ய வேண்டாம்” என்றார். அந்த வினாவின் பொருளும், அவர் கூறிய முடிவின் பொருளும் பின்னர் படித்தபோதே எனக்கு விளங்கின.

மூட்டின் அமைப்பு

கீழ்த்தாடை ஒரே என்பு. அதன் இரு நுனிகளும் இரு காதுகளுக்கும் சற்று முன்னே மண்டையோட்டின் கன்னப்பொறி என்பிலுள்ள குழிகளிலே பொருந்துகின்றன. விரலை அவ்விடத்தில் வைத்து வாயைத் திறந்து மூடினால் மூட்டு அசைவதை எவரும் உணரலாம். இரு முனைகளும் ஒரே என்பைச் சேர்ந்தவையாதலால், ஒருபுறத்து மூட்டு மற்றப் புறத்து மூட்டை விட்டுத் தனியே இயங்க இயலாது. ஒன்று தடைப்படின் மற்றதும் தன் நெறி மாறும்.

இம்மூட்டு இருவகை அசைவுடையது. வாயைச் சிறிதளவு திறக்கும்போது கதவு தன் பிணைச்சலிலே சுழல்வதுபோல என்புமுனை குழியினுள்ளே சுழலும். மேலும் திறக்கும்போது அம்முனை மேசை லாச்சி இழுபடுவதுபோல முன்னோக்கி வழுக்கிச் செல்லும். முழங்கால் முதலிய பெருமூட்டுக்களிலிருந்து இது வேறுபடுவது மற்றொரு வகையாலும் ஆகும். என்புகளின் முகப்பை மூடியிருப்பது நார் மிகுந்த இழையம். இரண்டு என்புகளுக்கும் இடையே நார்த்தன்மை வாய்ந்த வட்டு ஒன்று உண்டு. அவ்வட்டு என்புமுனையோடு சேர்ந்து முன்னும் பின்னும் செல்லும். அது தன் இடத்தினின்றும் சிறிது விலகி, வாய் திறக்கும்போது மீண்டும் இடத்திற்கு வருமாயின் ‘டக்’ என்னும் ஓசை கேட்கும். நோவும் தடையும் இல்லாத இவ்வோசை மக்களிற் பலர்க்கு உண்டு. அதற்கு மருத்துவம் வேண்டியதில்லை. ஓசையைக் கேட்டு அஞ்சுவோர் இதனை நினைவிற் கொள்ளுதல் நன்று.

தாடையை மூடும் தசைகளுள் முக்கியமானவை மூன்று. கன்னத்திலே தடித்துக் கிடக்கும் மெல்லுதசை ஒன்று. கன்னப்பொறியை முழுவதும் மூடி, விசிறிபோல விரிந்து, கீழ்த்தாடையிலே வந்து முடியும் கன்னப்பொறித் தசை மற்றொன்று. தாடையின் உட்புறத்தே இருப்பது மூன்றாவது. இவற்றுள் இரண்டாவதை வாசகர் சிறப்பாகக் கவனித்தல் வேண்டும். நாம் தலையின் ஒரு பகுதி என்று கருதும் கன்னப்பொறியின் பெரும்பகுதி உண்மையிலே தாடையின் தசையே. பற்களை நெருக்கிக் கடித்துக்கொண்டு அவ்விடத்தைத் தொட்டால் தசை திரண்டு எழுவது புலப்படும். ஆகவே தாடை களைக்கும்போது ‘தலை’ நோவதில் வியப்பு ஒன்றும் இல்லை.

ஒரு நரம்பும் பல வீடுகளும்

தசையின் களைப்பு மட்டும் இத்தொடர்பை முற்றும் விளக்காது. தாடையிலே பிறக்கும் நோவு நெற்றியிலும், கண்ணின் பின்னும், காதினுள்ளும் தோன்றுவது எவ்வாறு? இதற்கு விடை நரம்பின் அமைப்பிலே உள்ளது.

முகத்தின் உணர்ச்சியை மூளைக்குக் கொண்டுசெல்லும் பெருநரம்பு மூன்று கிளைகளை உடையது. முதற்கிளை நெற்றிக்கும் கண்ணுக்கும் உரியது. மூளையைப் போர்த்துள்ள சவ்வின் உணர்ச்சியையும் பெரும்பாலும் அதுவே கொண்டுசெல்கின்றது. இரண்டாங் கிளை மேற்றாடைக்கு உரியது. மூன்றாங் கிளை கீழ்த்தாடைக்கும், தாடை மூட்டுக்கும், மெல்லும் தசைகளுக்கும் உரியது. இக்கிளைகள் சுமந்துவரும் நோவுச் செய்திகள் மூளைத்தண்டின் அடிப்பகுதியில், முண்ணாணின் மேற்பகுதிவரை நீண்டு கிடக்கும் நரம்புக் கலங்களின் கூட்டம் ஒன்றை வந்தடைகின்றன. கழுத்தின் மேலுள்ள நரம்புகளும் அங்கேயே வந்து சேர்கின்றன.

இதனை ஓர் உவமையால் விளக்கலாம். பல கிராமத்தவரும் ஒரே உப தபாற்கந்தோரிலே கடிதங்களைச் சேர்க்கின்றனர் என்று கொள்வோம். உறையின் மேல் இருப்பது அக்கந்தோரின் முத்திரை மட்டுமே. தூரத்திலே அதனைப் பெறுபவர் எந்தக் கிராமத்திலிருந்து கடிதம் வந்தது என்பதை முத்திரையைக் கொண்டு அறிய இயலாது. வழக்கமாகக் கடிதம் எழுதும் கிராமத்தவரே எழுதினர் என்று எண்ணிக்கொள்வார். மூளையும் இவ்வாறே மயங்குகின்றது. தாடையிலிருந்து வந்த செய்தியை நெற்றியிலிருந்து வந்ததாகக் கொள்கின்றது. 1938 இல் இங்கிலாந்திலே கெல்கிறென் என்னும் மருத்துவர் செறிந்த உப்புக் கரைசலைத் தசைகளுட் செலுத்தி, நோவு ஊசி குத்திய இடத்தினின்றும் விலகிய இடங்களிலே தோன்றுவதைக் காட்டினார். பிற்காலத்தே ஜனெற் ட்ரவெல் என்னும் அமெரிக்க மருத்துவர் எத்தசையின் நோவு எவ்விடத்திலே தோன்றும் என்பதைப் படங்களாக வரைந்து வெளியிட்டார்.

இன்னும் ஒன்று உண்டு. அந்த நரம்புக் கலங்களுக்கு நோவுச் செய்தி நாள்தோறும் இடையறாது வந்துகொண்டிருப்பின் அவை கூர்மையடைகின்றன. முன்னர் நோவாகத் தோன்றாத சிறு தூண்டலும் பின்னர் நோவாகத் தோன்றும். தாடையிலே தொடங்கியது தாடையோடு நில்லாமைக்கும், காரணம் நீங்கிய பின்னரும் நோவு உடனே நீங்காமைக்கும் இதுவே ஏதுவாகும்.

கருத்து வளர்ந்த வரலாறு

இத்தொடர்பு மருத்துவ உலகிலே பரவலாகப் பேசப்படத் தொடங்கியது 1934 ஆம் ஆண்டிலாகும். அமெரிக்காவின் சென் லூயிஸ் நகரிலே காது, மூக்கு, தொண்டை வைத்தியராய் இருந்த ஜேம்ஸ் கொஸ்ரென் என்பவர் 11 நோயாளரைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். காதடைப்பு, காதிரைச்சல், தலைச்சுற்று, தலையிடி ஆகியவற்றால் வருந்திய அவர்களிடத்தே தாடை மூட்டின் கோளாற்றையும் அவர் கண்டார். கடைவாய்ப் பற்களை இழந்தமையால் தாடை அளவுக்கு மிஞ்சி மூடுகின்றது. அதனால் என்புமுனை பின்னே சென்று காதுக்கு அணித்தாயுள்ள நரம்பை அழுத்துகின்றது. இதுவே காரணம் என்பது அவர் கொள்கை. பற்களின் உயரத்தைக் கூட்டிவிடின் நோய் தீரும் என்றும் அவர் கருதினார். அந்நோய்க்கு அவர் பெயரே நெடுங்காலம் வழங்கியது.

கொள்கை எளிமையானது, ஆதலால் விரைவிலே பரவியது. ஆயின் 1948 இல் உடலமைப்பு நூல் வல்லுநராகிய ஹாரி சிக்கர், கொஸ்ரென் கூறியவாறு அந்த நரம்பு அழுத்தப்படுதற்கு அவ்விடத்தின் அமைப்பு இடந்தராது என்று எடுத்துக்காட்டினார். 1950 களிலே நியூயோர்க் நகரின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் லாஸ்லோ சுவார்ற்ஸ் என்பவர் நோயாளர் பலரை ஆராய்ந்து, பெரும்பாலோரிடத்தே குற்றம் மூட்டில் அன்று, தசையிலேயே என்று கண்டார். 1969 இல் டானியல் லாஸ்கின் ஒரு படி மேலே சென்றார். மன அழுத்தமே பற்களை நெருக்கிக் கடிக்கச் செய்கின்றது, அதனாலே தசை களைத்து நோகின்றது என்பது அவர் விளக்கம். பல்லிலே தொடங்கிய ஆராய்ச்சி இவ்வாறு தசைக்கும், தசையிலிருந்து மனத்துக்கும் நரம்புக்கும் சென்றது.

நூல்களிலே கருத்து மாறினும் நடைமுறை உடனே மாறவில்லை. பற்களை அராவுதலும், மூட்டினை அறுத்துத் திருத்துதலும் தொடர்ந்தன. 1980 களிலே அமெரிக்காவில் நோயாளர் பலரின் மூட்டு வட்டை நீக்கி, அதற்குப் பதிலாகத் தெப்லோன் கலந்த செயற்கைப் பொருளைப் பொருத்தினர். மெல்லும் விசையைத் தாங்காது அது துகள் துகளாகச் சிதைந்தது. அத்துகள்களை எதிர்த்து உடல் செய்த வினையால் அயலிலுள்ள என்பும் அரிக்கப்பட்டது. 1990, 1991 ஆம் ஆண்டுகளிலே அந்நாட்டு அரசின் உணவு மருந்து நிருவாகம் எச்சரிக்கை விடுத்து அப்பொருளை மீளப்பெறச் செய்தது. நோவைத் தீர்க்கச் சென்று வாழ்நாள் முழுதும் நோவுடன் மீண்டோர் பலர். ஒரு கருத்து எளிமையாய் இருத்தல் அது மெய்யாதற்குச் சான்றாகாது என்பதற்கு இதனினும் கொடிய எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

தொடர்பும் காரணமும்

தாடைக் கோளாறு உடையோரிடத்தே தலையிடி மிகுதியாகக் காணப்படுகின்றது என்பது ஐயமற நிறுவப்பட்ட உண்மை. ஒற்றைத் தலையிடியும் அவர்களிடத்தே மிகுதி. இதனால் தாடையே தலையிடிக்குக் காரணம் என்று முடிவு கட்டலாமோ? கூடாது. இரண்டும் ஒருங்கே காணப்படுதற்கு வழிகள் மூன்று உண்டு. தாடை தலையிடியை உண்டாக்கலாம். தலையிடி தாடையின் நோவை உண்டாக்கலாம். தூக்கக்குறை, மனக்கவலை, நரம்புக் கலங்களின் கூர்மை ஆகிய வேறொன்று இரண்டையும் உண்டாக்கலாம்.

அமெரிக்காவிலே இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் ஒரு பேராராய்ச்சி தொடங்கிற்று. தாடை நோவு இல்லாத, 18 முதல் 44 வயது வரையுள்ள மக்களைத் தெரிந்து பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தனர். ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 4 வீதத்தினர்க்குப் புதிதாகத் தாடை நோவு உண்டாயிற்று. உடலின் வேறிடங்களிலும் நோவுடையோர், நன்கு துயிலாதோர், பற்களைக் கடிக்கும் வழக்கமுடையோர் ஆகியோரிடத்தே அது மிகுதியாகத் தோன்றியது. முன்னரே தலையிடி உடையோர்க்கும் அவ்வாறே. எனவே பாதை ஒருவழிப் பாதை அன்று.

எனினும் தாடையைப் புறக்கணித்துத் தலையிடியை மட்டும் நோக்குதலும் பிழையே. பிரேசில் நாட்டிலே, ஒற்றைத் தலையிடியும் தாடைக் கோளாறும் ஒருங்கே உடைய பெண்களிடத்தே நடத்திய ஆராய்ச்சி ஒன்று 2013 இல் வெளிவந்தது. ஒற்றைத் தலையிடிக்குரிய மருந்தும், இரவிலே பற்களுக்கு அணியும் தகடும் ஒருங்கே கொடுக்கப்பட்டவர்களே தெளிவான பயன் பெற்றனர்; ஒன்றை மட்டும் பெற்றோர்க்கு அத்தகைய பயன் இல்லை. இரண்டும் ஒருவரிடத்தே இருப்பின் இரண்டையும் நோக்குதல் வேண்டும் என்பதே இதனாற் பெறப்படும்.

எவ்வாறு அறிவது?

2014 ஆம் ஆண்டிலே உலக வல்லுநர் பலர் கூடி வகுத்த விதிகள் தாடைத் தலையிடியை இனங்காண இரண்டு அடையாளங்களைக் கூறுகின்றன. முதலாவது, தலையிடி கன்னப்பொறியிலே தோன்றி, மெல்லுதல், வாய் திறத்தல், பல் கடித்தல் முதலிய தாடைச் செயல்களால் கூடவோ குறையவோ வேண்டும். இரண்டாவது, மருத்துவர் கன்னப்பொறித் தசையை அழுத்தும்போதோ, தாடையை அசைக்கச் செய்யும்போதோ, நோயாளர் நாள்தோறும் உணரும் அதே தலையிடி மீண்டும் தோன்ற வேண்டும். அழுத்தினால் நோகின்றதா என்பது வினா அன்று. எவர்க்கும் அழுத்தினால் நோகும். இஃது உமது பழைய நோவா என்பதே வினா. அம்முதிய வைத்தியர் என்னை வினவியது இதனையே.

இங்கே சில எச்சரிக்கைகள் இன்றியமையாதன. 50 வயதைக் கடந்தோர்க்குப் புதிதாகத் தலையிடி தோன்றி, மெல்லும்போது தாடை களைத்து நோகி, தலைத்தோல் தொட நொந்து, பார்வையும் மங்குமாயின் அது மூட்டுக் கோளாறு அன்று, நாடிகளின் அழற்சியாயிருக்கலாம். உடனே மருத்துவம் செய்யாவிடின் பார்வையை இழக்க நேரும். நடக்கும்போதோ படியேறும்போதோ தாடையிலே தோன்றி, இளைப்பாறத் தணியும் நோவு இருதயத்தினின்றும் வருதல் கூடும். காயம்பட்ட பின்னர்த் தாடை இறுகுமாயின் ஏற்புவலியை நினைத்தல் வேண்டும். வெற்றிலை பாக்கு மெல்லும் வழக்கம் நம் நாட்டிலே பரந்துள்ளமையால் மற்றொன்றையும் கூறுதல் தகும். பாக்கு மெல்வோரின் வாய்த்தோல் நாராகத் தடித்து, உறைப்பு எரிவை உண்டாக்கி, வாய் வரவரத் திறக்க முடியாது குறுகும் நோய் ஒன்று உண்டு. அது புற்றுநோயாக மாறவும் கூடும். அதனைத் தாடை மூட்டுப் பிடிப்பு என்று எண்ணிக் காலம் போக்குதல் பெருந்தீங்காகும். திடீரெனத் தோன்றும் கடுந்தலையிடி, காய்ச்சலோடும் கழுத்து விறைப்போடும் கூடிய தலையிடி, பேச்சுத் தடுமாற்றத்தோடும் கைகால் வலியிழத்தலோடும் கூடிய தலையிடி ஆகியவற்றுக்கு வைத்தியசாலையே புகலிடம்.

செய்யத்தக்கனவும் தகாதனவும்

2023 ஆம் ஆண்டின் இறுதியிலே பிரித்தானிய மருத்துவ சஞ்சிகை, அதுகாறும் நடந்த ஆராய்ச்சிகளை ஒப்பிட்டு, நாட்பட்ட தாடை நோவுக்குரிய நெறிகளை வெளியிட்டது. மனப்பயிற்சி, தாடைக்கும் கழுத்துக்கும் உரிய உடற்பயிற்சி, பயிற்சி பெற்றோர் கையாலே தசைகளைத் தளர்த்துதல், நோயைப் பற்றிய விளக்கம் ஆகியவையே அதிலே முதலிடம் பெற்றன. கழற்றி அணியத்தக்க தகட்டைப் பொதுவாக எல்லோர்க்கும் அது விதிக்கவில்லை. மீளப்பெற இயலாத வகையிலே பற்களின் பொருத்தத்தை மாற்றும் தகடுகளையும், மூட்டு வட்டை அறுத்து நீக்குதலையும் அது வன்மையாக விலக்கியது. 1934 இல் விதிக்கப்பட்டதற்கும் 2023 இல் விதிக்கப்பட்டதற்கும் உள்ள தூரத்தை நோக்குக. முன்னது பல்லை மாற்றச் சொன்னது. பின்னது பழக்கத்தை மாற்றச் சொல்கின்றது.

பழக்கம் என்பது யாது? வாய் வாளாவிருக்கும்போது மேற்பற்களும் கீழ்ப்பற்களும் ஒன்றையொன்று தொடுதல் இயல்பு அன்று. உதடுகள் மூடியிருக்கும், பற்கள் சிறிது விலகியிருக்கும். மெல்லும்போதும் விழுங்கும்போதும் மட்டுமே அவை தொடும். வாசிக்கும்போதும், எழுதும்போதும், கணக்குப் போடும்போதும் நம்மிற் பலர் தம்மையறியாமலே பற்களை நெருக்கிக்கொள்கின்றோம். மெல்லிய நெருக்கமே எனினும், பல மணிநேரம் தொடரின் தசை இளைப்பாற இடமின்றிக் களைக்கின்றது.

இதற்கு மாற்று எளிது. ‘ன்’ என்னும் எழுத்தை ஒலிக்கும்போது நாநுனி எங்கே பொருந்துகின்றதோ அங்கே நாவை வைத்துக்கொள்ளுதல் வேண்டும். றகர னகரங்கள் நாநுனி மேலெழுந்து அண்ணத்தைப் பொருந்தப் பிறப்பன என்று தொல்காப்பியர் பிறப்பியலிலே விளக்கியுள்ளார். மாணவர் அவ்விடத்தை அறிவர். நா அங்கே இருக்கும்போது பற்களை நெருக்கிக் கடிக்கும் எண்ணம் தோன்றுவதில்லை. மேசையிலே வர்ணக் கடதாசித் துண்டொன்றை ஒட்டி, அதனைக் காணுந்தோறும் பற்கள் விலகியுள்ளனவா என்று சோதித்துக்கொள்ளலாம். பேனாவைக் கடித்தல், நகத்தைக் கடித்தல், இறப்பர் மிட்டாய் மெல்லுதல், நாடியைக் கையிலே ஊன்றி நெடுநேரம் வாசித்தல் ஆகியவற்றை விடுதல் வேண்டும். நோவு மிகும் நாட்களிலே மெல்லிய உணவை உண்டு, இளஞ்சூடான ஈரத்துணியைக் கன்னத்திலும் கன்னப்பொறியிலும் 10 அல்லது 15 நிமிடம் வைத்தல் இதந்தரும். கொட்டாவி விடும்போது நாடியின் கீழ்க் கையை வைத்து அளவோடு வாய் திறத்தல் நன்று.

நோவு தணிக்கும் குளிசைகளைப் பற்றியும் ஒன்று சொல்லல் வேண்டும். தலையிடி உடையோர் பரசிற்றமோல் போன்ற எளிய குளிசைகளை மாதத்தில் 15 நாட்களோ அதற்கு மேலோ, பல மாதங்கள் தொடர்ந்து உட்கொள்வராயின், அக்குளிசைகளே தலையிடியை நீடிக்கச் செய்தல் கூடும். பலவகை மருந்துகள் கலந்த குளிசைகளுக்கு 10 நாட்களே எல்லை. எந்நாளில் தலையிடி வந்தது, எதனை உட்கொண்டோம், எவ்வளவு நேரம் துயின்றோம் என்பனவற்றை ஒரு சிறு கொப்பியிலே குறித்து வருதல் நோயாளர்க்கும் மருத்துவர்க்கும் பேருதவியாகும்.

முடிவு

நான் குறித்த நாளிலே பற்களை அராவச் செல்லவில்லை. மேசையிலே ஒரு சிவப்புக் கடதாசித் துண்டை ஒட்டினேன். முதல் வாரத்திலே அதனைக் கண்ட போதெல்லாம் என் பற்கள் நெருங்கியே இருந்தன. அப்போதுதான் என் பழக்கம் எனக்கே தெரியவந்தது. ஒருசில மாதங்களிலே தலையிடி முற்றும் நீங்கவில்லை. ஆயின் நாள்தோறும் வந்தது மாதத்தில் இருமுறை மும்முறை வருவதாயிற்று. பற்கள் முன்போலவே சிறிது பொருத்தமின்றி இருக்கின்றன. அவற்றால் ஒரு துன்பமும் இல்லை.

தேர்வுக் காலத்திலே தலையிடி என்று வரும் மாணவரை நாம் நாள்தோறும் காண்கின்றோம். கண்ணைச் சோதிக்க அனுப்புகின்றோம், அது தக்கதே. அதனோடு, வாசிக்கும்போது அவர் பற்களை எவ்வாறு வைத்திருக்கின்றார் என்பதையும் ஒருமுறை நோக்குதல் ஆசிரியர்க்கும் பெற்றோர்க்கும் கடினமான செயல் அன்று. தாடையே எல்லாத் தலையிடிக்கும் காரணம் என்று கொள்ளற்க. தாடையை ஒருபோதும் நோக்காது விடுதலும் செய்யற்க. மீட்க முடியாத எதனையும் செய்வதற்கு முன், மீட்கத்தக்க எளியவற்றைப் பொறுமையோடு செய்து பார்த்தல் வேண்டும். இதுவே கடந்த 90 ஆண்டுகால வரலாறு நமக்குக் கற்பிக்கும் பாடமாகும்.